காஸ்ட் போட்டா கணக்கு சரியாயிடுமா?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல செம ஆணி. அதான் இந்தப் பக்கம் தலை காட்டலை. இன்னிக்கு ஒரு சின்னப் புலம்பல். சி தெரியாதவங்களும் படிக்கலாம், லாரிக் கதைதான்.

எடை மேடைக்கான ப்ரோக்ராம். லாரிகளோட எடை எல்லாம் இன்ட் அர்ரேயில் இருக்கு, ஒவ்வொண்ணும் 4 பைட். அதை வாங்கற ஃபங்ஷன் கேட்கறதோ 2 பைட் ஷார்ட் அர்ரே. கம்பைலர் திட்டியது. புதுசா சேர்ந்த தம்பி பாயின்டருக்கு ஒரு காஸ்ட் போட்டார். திட்டு நின்னுடுச்சு. "முடிஞ்சதுண்ணா" என்றார்.

உள்ளே போனது 12000, 18000, 9500 கிலோ. வெளியே வந்தது 12000, 0, 18000!

பாயின்டரை காஸ்ட் பண்ணினா உள்ளே இருக்கற எண்கள் மாறாது மக்கா. அதே பைட்டுகளை ரெண்டு ரெண்டா பிச்சுப் படிக்கும், அவ்வளவுதான். இன்டெல் மெஷின்ல எண்ணோட கீழ்ப்பாதி முதல்ல இருக்கும். மேல்பாதி பூஜ்யம். அதான் இரண்டாவது லாரி காத்துல பறந்தது. மெம்காப்பி போட்டாலும் இதே கதிதான், அதுவும் பைட்டைத்தான் நகர்த்தும்.

"தள்ளுங்க தம்பி"ன்னு நான் ஒரு ஃபார் லூப் எழுதி, ஒவ்வொரு எண்ணா ஷார்ட்டுக்கு மாத்தினேன். எல்லாம் சரியா வந்தது. மறுநாள் 40000 கிலோவோட ஒரு டிரெய்லர் வந்துச்சு. எடை: மைனஸ் 25536. ஷார்ட்ல 32767-க்கு மேல இடமில்லைங்கறதை நானே மறந்துட்டேன். ஜிசிசியும் ஒண்ணும் சொல்லலை. அதைச் சொல்ற டபிள்யூ-கன்வெர்ஷன், டபிள்யூ-ஆல்ல சேர்த்தி இல்லை, தனியா கேட்கணும்.

என் கட்சி இதுதான். அர்ரேவை மாத்தணும்னா குறுக்கு வழி கிடையாது. புது அர்ரே, ஒரு லூப், ஒவ்வொரு எண்ணும் உள்ளே அடங்குமான்னு ஒரு இஃப். அடங்கலைன்னா சத்தமா எரர் கொடுக்கணும். "லூப் ஸ்லோ"ன்னு சொல்றவங்களுக்கு: தப்பான எடையை வேகமா கொடுத்து என்ன பிரயோஜனம்? அந்த நம்பரை வெச்சுத்தான் ஒருத்தருக்குப் பில் போடுறாங்க.

2024-ல் வந்த ஜிசிசி 14, பொருந்தாத பாயின்டரை வார்னிங்கோட விடாம எரராவே ஆக்கிடுச்சு. நல்ல விஷயம். ஆனா காஸ்ட் போட்டா அதுவும் வாயை மூடிக்கும். கம்பைலர் அமைதியானா கோடு சரின்னு அர்த்தம் இல்லைங்க.

டிஸ்கி: தம்பியைத் திட்டாதீங்க. பூஜ்யம்தான் அவரோடது. மைனஸ் 25536 என்னோடது.