பனியனில் யார் பெயர்?



ஆண்டுதோறும் மோட்டார் பந்தயப் பருவம் தொடங்குமுன் ஒரு பேச்சுக் கிளம்பும். எந்த ஓட்டுநர் எந்த அணிக்குப் போகிறார், எந்தக் கம்பெனி எந்த அணிக்குப் பணம் கட்டுகிறது, போன ஆண்டு டயர் கொடுத்தவர்கள் இந்த ஆண்டும் கொடுப்பார்களா என்பதெல்லாம் அப்பேச்சில் அடங்கும். என் அண்ணனும் அவனுடைய கல்லூரி நண்பர்களும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுக் கேட்டே நான் இக்கலையில் பாதித் தேர்ச்சி பெற்றுவிட்டேன். பந்தயம் நடக்கும் நாளில்கூட அவர்கள் இவ்வளவு பேசுவதில்லை. ஓடாத காரைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

காரும் மோட்டார் சைக்கிளும் ஆண்பிள்ளைகளின் விஷயம், நமக்கேன் என்று யாரும் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் நமக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

மோட்டார் பந்தயத்தில் நம் தமிழ்நாட்டுக்கு உள்ள பெருமை சிறியதன்று. 1953-இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் இருந்தது. அதில்தான் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு பாதை அமைந்தது. நம் ஊரிலிருந்து காஞ்சிபுரம் வழியாகச் சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் திருப்பெரும்புதூரைத் தாண்டியதும் அந்த ஊரைக் கடந்துதான் போகிறார்கள். கோயமுத்தூரில் கரிவர்தன் என்பவர் மாருதி காரின் எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார்களைச் செய்து, பணக்காரர் அல்லாத இளைஞரும் ஓட்டிப் பழக வழி செய்தார். 1995-இல் விமான விபத்தில் மறைந்த அவருடைய பெயரால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயப் பாதை இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் விளக்கொளியில் கார்கள் பறந்தன. அந்தப் பாதை மூன்றரைக் கிலோமீட்டர். நம் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஆக, நாலு சுற்றுக்கு ஒரு கிரிவலம்! அந்தப் பந்தயத்துக்கு அரசுப் பணத்தைச் செலவிடலாமா என்று உயர்நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. ஓட்டுவது யார் என்ற கேள்விக்கு முன்னால் பணம் யாருடையது என்ற கேள்வி எப்போதும் வந்து நிற்கிறது.

நாராயண் கார்த்திகேயனை எல்லோருக்கும் தெரியும். கோயமுத்தூர்க்காரர். 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் பெற்றார். அவருடைய திறமையில் ஐயமில்லை. ஆயினும் டாட்டா போன்ற நிறுவனங்கள் பின்னால் நின்றிராவிட்டால் அந்த இருக்கை கிடைத்திருக்குமா என்று என் அண்ணன் கேட்கிறான். பெரிய அணிகள் ஓட்டுநருக்குச் சம்பளம் தருகின்றன. சிறிய அணிகளோ ஓட்டுநர் எவ்வளவு கொண்டுவருவார் என்று பார்க்கின்றன. அதே 2005 ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில், மிச்செலின் டயர் பூட்டிய 14 கார்கள் டயர் ஆபத்தானது என்று தொடக்கத்திலேயே விலகிக்கொண்டன. மீதி ஆறு கார்களே ஓடின. அதில் நாராயண் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஆறில் நான்கு என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. அந்த நாளில் அந்த இடத்தில் ஒரு தமிழர் இருந்தார் என்பதே பெரிது. இருப்பதற்கே எவ்வளவு பணம் வேண்டியிருந்தது!

நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது நம் ஊர் டீக்கடைகளில்கூட அதே பேச்சு. காரின்மேல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சின்னம் இருந்ததைப் பார்த்து, அதற்கு முன் அந்த ஆணையத்தின் பெயரையே கேட்டிராதவர்கள் அது என்ன என்று விசாரித்தார்கள். ஒரு சின்னம் செய்யும் வேலை அதுதானே.

இங்கே சற்று வெளிநாட்டுக்குப் போய்வர விரும்புகிறேன். இங்கிலாந்து, போலந்து, சுவீடன் ஆகிய நாடுகளில் ஸ்பீட்வே என்றாலே மோட்டார் சைக்கிள் பந்தயம்தான். நீள்வட்டமான மண்தரையில் நால்வர் நாலு சுற்று ஓட்டுவார்கள். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வண்டிக்கு 500 சி.சி. எஞ்சின் உண்டு, ஒரே கியர் உண்டு, பிரேக் மட்டும் கிடையாது! பொருட்காட்சியில் மரணக்கிணறு பார்த்தவர்களுக்கு அந்தத் துணிச்சல் ஓரளவு விளங்கும். நாம் மலையை வலமாகச் சுற்றுகிறோம். அவர்கள் எப்போதும் இடமாகவே சுற்றுகிறார்கள்.

என்னைக் கவர்ந்தது அவர்களுடைய வேகமன்று, ஏற்பாடு. பெரும்பாலும் ஊரின் பெயரால்தான் அணி. கோப்பர்நிக்கஸ் பிறந்த டோருன் நகரத்துக்கும் ஓர் அணி இருக்கிறது. குளிர்காலம் முழுதும் ரசிகர்கள் யார் எந்த அணியில் சேருகிறார் என்றே பேசிக்கொண்டிருப்பார்களாம். பிரிட்டனில் ஒரு விதி உண்டு: ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய ஆட்டத்தின் சராசரிப் புள்ளி ஒன்று இருக்கிறது; ஓர் அணியில் சேரும் வீரர்களின் சராசரிகளைக் கூட்டினால் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. பணமுள்ள ஊர் எல்லா வல்லவர்களையும் வாரிக்கொண்டு போவதற்கு இது ஒரு தடை. வீரர் தம் வண்டியைத் தாமே பராமரிக்கவேண்டும். தமக்கு வேண்டிய ஸ்பான்சரையும் பெரும்பாலும் தாமே தேடிக்கொள்ளவேண்டும். அப்படிப் பணம் தருபவர்கள் எல்லாரும் உலகப் பெருங்கம்பெனிகள் என்று நினைக்கவேண்டாம். குழாய் வேலை செய்பவர், வண்டிப் பட்டறைக்காரர், மரக்கடைக்காரர் போன்ற உள்ளூர் வியாபாரிகளே பலர். வீரரின் உடையில் அவர்களுடைய பெயர் இருக்கும். அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவரின் பெயர்!

கிரிக்கெட்டில் இதெல்லாம் ஏலமாக நடக்கிறது. 2023-இல் பெண்கள் பிரிமியர் லீக் தொடங்கியபோது ஸ்மிருதி மந்தானாவை 3 கோடியே 40 லட்சம் ரூபாய்க்குப் பெங்களூர் அணி எடுத்தது. பெண்ணுக்கும் அவ்வளவு தொகையா என்று எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் "எடுத்தார்கள்", "விட்டுவிட்டார்கள்" என்ற சொற்களைக் கேட்கும்போது தீபத்தின்போது நம் ஊரில் கூடும் மாட்டுச் சந்தையும் நினைவுக்கு வருகிறது. சந்தையிலாவது துண்டுக்குள் விரலைப் பிடித்து மறைவாக விலை பேசுகிறார்கள்.

இனி, யாருடைய பணம் என்பதைப் பார்ப்போம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு காலத்தில் சிகரெட்டுக் கம்பெனிகளே பந்தயங்களின் பெரும் புரவலர்களாயிருந்தன. 1968-இல் லோட்டஸ் அணியின் கார்கள் கோல்ட் லீஃப் சிகரெட்டின் நிறத்தைப் பூசிக்கொண்டு ஓடின. நம் நாட்டில் நடந்த 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்கே வில்ஸ் என்று பெயர். 2003-இல் வந்த சட்டம் புகையிலைக்காரர்கள் இப்படிச் செய்வதைத் தடுத்தது. விளையாட்டு செத்துப்போகவில்லை. 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நடுவண் அரசு கொண்டுவந்ததும், இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து டிரீம் 11 என்னும் பெயர் போயிற்று. செப்டம்பரில் ஆசியக் கோப்பையை ஸ்பான்சர் பெயரில்லாத சட்டையுடனேயே ஆடி வென்றார்கள். அதே மாதத்தில் அப்போலோ டயர்ஸ் 579 கோடி ரூபாய்க்கு அந்த இடத்தைப் பிடித்தது. ஆகவே, இவர் போனால் வேறு யார் தருவார் என்று அஞ்சுவது வீண் என்பது என் தாழ்மையான கருத்து.

எங்கள் தெருவில் கைப்பேசிச் சீட்டாட்டத்தில் பணத்தைத் தொலைத்த ஒருவர் இருக்கிறார். அவருடைய மகள் ஆறாம் வகுப்புவரை என்னோடு படித்தவள். முதலில் அவளுடைய சைக்கிள் போயிற்று, பிறகு அவளே வேறு பள்ளிக்குப் போனாள். சட்டையிலிருக்கும் பெயர் வெறும் எழுத்து, அதைப் பார்த்து யார் கெட்டுப்போகிறார்கள் என்று திண்ணையில் ஒரு நண்பர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. வெறும் எழுத்துக்கு யாராவது கோடிக்கணக்கில் கொடுப்பார்களா?

பெண்களின் நிலைக்கு வருகிறேன். 2022-இல் தொடங்கிய இந்தியன் ரேஸிங் லீக்கில் ஒவ்வோர் அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் இருக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். நல்ல விதிதான். ஆனால் அந்த இடங்களுக்கு வந்தவர்களில் பலர் வெளிநாட்டு வீராங்கனைகள். நம் பெண்களுக்குத் தைரியமில்லையா? பெங்களூர்ப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2018-இல் ஸ்பெயினில் விழுந்து கணையத்தில் காயம்பட்டு, மறு ஆண்டே திரும்பிப்போய் மோட்டார் சைக்கிளில் பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்று வந்தார். அவருக்குப் பின்னால் ஓசூரிலிருக்கும் டி.வி.எஸ். நிறுவனத்தின் பந்தய அணி நின்றது. சென்னை அலிஷா அப்துல்லாவின் தந்தையாரே ஒரு பந்தய வீரர். நின்று தாங்குவதற்கு ஒரு கம்பெனியோ ஒரு தந்தையோ இல்லாத பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது, தெரிய வழியுமில்லை. வெளிநாட்டிலும் கதை இதுவே. பெண்களுக்கென்றே 2019-இல் ஓடத் தொடங்கிய டபிள்யூ சீரிஸ் பந்தயம் 2022-இல் பணமில்லாமல் பாதியில் நின்றது.

சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடி தங்கம் வென்று திரும்பியதும் தமிழ்நாடு அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. நம் பள்ளியில் அன்று இடைவேளை முழுதும் அதே பேச்சு. வென்றபின் கொடுப்பதை நான் குறை கூறவில்லை. வெல்லுமுன் ஒரு ஜோடி ஷூ யார் வாங்கித் தருவது?

இப்போது நம் வழக்குக்கு வந்துவிட்டேன். நம் கபடி அணிக்குப் பன்னிரண்டு பனியன்களும் ஷூக்களும் தர நம் ஊர் ஜவுளிக்கடை ஒன்று முன்வந்திருக்கிறது. பனியனின் முதுகில் கடையின் பெயர் இருக்கவேண்டும் என்பதே அவர்கள் கேட்பது. பெற்றோர் கூட்டத்தில் இதற்குச் சிலர் மறுப்புச் சொன்னார்கள். "பெண்பிள்ளை முதுகில் கடைப் பெயரா?" என்று ஒரு பெரியவர் வருத்தத்தோடு கேட்டார்.

அவரை நான் மதிக்கிறேன். ஆயினும் பணிவோடு ஒன்று கேட்பேன். கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது தாம்பூலப் பையிலும், நாம் பிடிக்கும் குடையிலும், டிபன் கொண்டுவரும் பையிலும் கடைப் பெயர் இல்லையா? வீட்டில் தொங்கும் திருக்குடும்பப் படக் காலண்டரின் அடியில் எண்ணெய்க் கடைக்காரர் பெயர் இல்லையா? அதையெல்லாம் இலவசமாகச் சுமக்கிறோம். ஒரு பனியனுக்குச் சுமந்தால் மட்டும் குறைவா?

என் அம்மா சொன்ன மறுப்பு இதைவிடக் கடினமானது. "இன்னைக்குப் பனியன் கொடுப்பாங்க. நாளைக்குப் புதுக் கிளை திறக்கறோம், பொண்ணுங்களை வரிசையா நிக்க அனுப்புங்கன்னு கேப்பாங்க. அப்போ முடியாதுன்னு சொல்ல வாய் வருமாடி?" என்றார்கள். உண்மைதான். பந்தய ஓட்டுநர்கள் ஸ்பான்சரின் விழாக்களுக்குப் போய் நிற்பதும் படம் எடுத்துக்கொள்வதும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அவர்கள் பெரியவர்கள், விரும்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். நாம் மாணவிகள். ஆகவே வாய்ப்பேச்சாக வாங்காமல் எழுதி வாங்கவேண்டும் என்பேன். விழாக்களுக்கும் விளம்பரப் படங்களுக்கும் மாணவிகளை அழைக்கக்கூடாது. கடையின் பெயர் பள்ளியின் பெயரைவிடச் சிறிய எழுத்தில் இருக்கவேண்டும். பொருளும் பணமும் பள்ளியின் கணக்கில் ரசீதோடு வரவேண்டும். தோற்றாலும் ஓராண்டுக்குத் திரும்பக் கேட்கக்கூடாது. பிற்காலத்தில் பான் மசாலாக்காரரோ சூதாட்டக்காரரோ இரண்டு மடங்கு கொடுத்தாலும் நாம் வாங்கக்கூடாது. இவற்றை ஒரு தாளில் எழுதி, வகுப்புத் தோழியர் 31 பேர் கையெழுத்திட்டு, தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். கடைக்காரருக்குக் காட்டிவிட்டுச் சொல்வதாகச் சகோதரி கூறினார்கள்.

நான் அணியில் ஆடுபவள் அல்லள். புள்ளிக் கணக்கு எழுதுபவள். போன ஆண்டு குறுவட்டப் போட்டியில் நம்மவர் மூவர் வெறுங்காலோடு ஆடினதையும், ஆட்டம் முடிந்தபின் ஒருத்தி குதிகாலிலிருந்து முள்ளெடுத்ததையும் மேஜையருகிலிருந்து பார்த்தேன். இரண்டு புள்ளிகளில் தோற்றோம். இந்த ஆண்டுக் குறுவட்டப் போட்டிகள் வழக்கம்போல் ஜூலையில் தொடங்கிவிடும். பனியன் தைக்க மூன்று வாரமாவது வேண்டும் என்று தையற்காரர் சொல்லியிருப்பதால், பன்னிரண்டு பேருடைய அளவையும் இப்போதே எழுதி விளையாட்டு ஆசிரியையிடம் கொடுத்துவிட்டேன்.