முதுகுவலியெல்லாம் வாயு அல்ல

நாஞ்சில் நாட்டில் யாருக்கு முதுகு வலித்தாலும் நாம் சொல்வது ஒன்றுதான்: "வாயுப் பிடிப்புவே, எண்ணெ தேச்சுட்டு ரெண்டு நாளு படும்." 25 வயதுப் பையன் காலையில் கட்டைபோல் விறைத்து எழுந்து, நடமாடிய பிறகு தேறினால் அது சோம்பலுமல்ல, வாயுவுமல்ல. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். இந்த வலி ஓய்வில் கூடும், அசைந்தால் குறையும். படுக்கச் சொல்வதே கெடுதல்.

3 மாதம் நீடித்தால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வர்மம் நம் மண்ணின் பெருமைதான். அதற்காக, ஒட்டி இறுகிய முதுகெலும்பை முறுக்கிச் சொடுக்கெடுப்பதா? அது ஒடிந்துவிடக்கூடும். தினசரி உடற்பயிற்சி, டாக்டர் தரும் மருந்து, பீடி சிகரெட்டை விடுவது, இதுதான் வழி. பேரனின் முதுகு கூனிய பிறகு தலைவிதியை நோவதில் என்ன பயன்?