மரதன் ஓட்டமும் பரிசு விதியும்

விழாக் காலங்களிற் பழைய மாணவர் பலர் கல்லூரிக்குக் கிண்ணமும் கேடயமும் வழங்க முன்வருவது இயல்பு. அவருள் எவரேனும் நம் மரதன் ஓட்டத்துக்குப் பரிசு வழங்க எண்ணியிருப்பின், கிண்ணத்தைச் செய்விக்குமுன் அது எவ்விதியின்படி வழங்கப்படும் என்பதனையும் சிறிது சிந்திக்குமாறு வேண்டுகின்றேன். பரிசின் பெறுமதியைக் காட்டிலும் பரிசின் விதியே, ஒரு கல்லூரி எதனை மதிக்கின்றது என்பதை மாணவனுக்குத் தெரிவிப்பது.

நம் பகுதிப் பாடசாலைகள் பலவற்றிலுள்ள வழக்கத்தை யாவரும் அறிவர். முதலில் வரும் மூவருக்குப் பரிசு. அவர்தம் இல்லங்களுக்குப் புள்ளிகள். மூன்றாமவன் வாயிலைக் கடந்ததும் மணிக்கூட்டைப் பார்ப்பவர் மணிக்கூட்டைப் பையில் இட்டுக்கொள்வார். வாத்தியம் ஓயும், கூட்டம் கலையும். அக்கரைப்பற்று வீதியின் தார் வெயிலில் ஓடி, சந்திதோறும் தமிழரும் முஸ்லிம்களுமாக நின்று நீட்டிய தண்ணீரைக் குடித்து, தன் முழுத் தூரத்தையும் முடித்து வரும் நாற்பதாவது மாணவன் காண்பது நம்முடைய முதுகுகளையே. நூறு மீற்றர் ஓட்டத்துக்கு இவ்விதி பொருந்தும். அங்கே எண்மர் ஓடுவர், மூவர் பரிசு பெறுவர். நெடுந்தூர ஓட்டத்திலோ, முன்னணியில் உள்ள சிலரை ஒழிந்த ஏனையோருக்குப் போட்டி பிறரோடு அன்று, தூரத்தோடு. தூரத்தை வென்றவனைத் தோற்றவன் என்று எழுதுவது கணக்கிற் பிழையன்றோ?

இதற்குச் சான்று நம் நாட்டவர் ஒருவரே. 1964 இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் இலங்கைப் படைவீரர் ரணதுங்க கருணானந்த ஓடினார். பில்லி மில்ஸ் என்னும் அமெரிக்கர் 28 நிமிடம் 24 விநாடியில் வென்றார். ஏனையோரும் ஓடி முடித்த பின்னர்க் கருணானந்த தன்னந்தனியராய் எஞ்சிய சுற்றுக்களை ஓடினார். முதலில் நகைத்த பார்வையாளர், அவர் நிற்கப்போவதில்லை என்று கண்டதும் ஆரவாரித்து வாழ்த்தினர். அவர் எடுத்த நேரம் 34 நிமிடம் 21 விநாடி. பெற்ற இடம் கடைசி. 67 ஆம் இலக்கம் அணிந்தோடிய அவர் கதை யப்பானியச் சிறுவரின் பாடநூலில் ஏறிற்று. நம் மாணவரில் எத்தனை பேர் அதனை அறிவர்?

எல்லார்க்கும் பரிசு என்றால் பரிசுக்கு மதிப்பேது என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. வந்தவர் அனைவருக்கும் வாரி வழங்கவேண்டும் என்பது என் கருத்தன்று. விதி கடுமையாகவே இருத்தல் வேண்டும். 1908 இல் இலண்டன் ஒலிம்பிக் மரதனில் இத்தாலியரான டொராண்டோ பியெத்ரி அரங்கினுள் பலமுறை வீழ்ந்தார். நடுவர்கள் தூக்கிவிட்டமையால் முதலாவதாக முடித்தும் நீக்கப்பட்டார். பொற்பதக்கம் ஜோன் ஹேய்ஸ் என்னும் அமெரிக்கருக்கு உரியதாயிற்று. ஆயினும் அலெக்சாந்திரா அரசியார் பியெத்ரிக்குப் பொன்முலாமிட்ட வெள்ளிக் கிண்ணம் ஒன்றைத் தனியே வழங்கினார். விதியும் பிழைத்தது, மனிதனும் மதிக்கப்பட்டான்.

அவ்விரண்டையும் ஒரே விதிக்குள் அடக்கிய ஓட்டம் ஒன்று தென்னாபிரிக்காவில் உண்டு. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராய் நம் தமிழ் மக்கள் கப்பலேறிச் சென்ற அதே நேட்டாலில், டேர்பனுக்கும், 1893 இற் காந்தியடிகள் புகைவண்டியினின்று இறக்கப்பட்ட பீற்றர்மரிற்ஸ்பேர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் ஓடுவது அது. கொம்றேட்ஸ் மரதன் என்பது பெயர். போரில் மாண்ட தோழரின் நினைவாக விக் கிளப்பம் என்பவர் 1921 இல் தொடங்கியபோது 34 பேர் புறப்பட்டனர். 16 பேரே முடித்தனர். அங்கே பொற்பதக்கம் ஆடவரில் முதற் பதின்மருக்கும் பெண்டிரில் முதற் பதின்மருக்கும் மட்டுமே. ஏனையோருக்குப் பதக்கம் இடத்தினால் அன்று, நேரத்தினால். ஒவ்வொரு கால எல்லைக்கும் ஒரு பதக்கம். 12 மணி நேரத்துக்குட்பட்ட கடைசிப் பதக்கம் கிளப்பத்தின் பெயராலேயே வழங்கப்படுகின்றது. 12 மணி முடிந்ததும் துப்பாக்கி ஒலிக்கும். கோட்டுக்கு ஓரடி முன்னே நிற்பவருக்கும் ஒன்றுமில்லை. பத்து முறை ஓடி முடித்தவருடைய இலக்கம் என்றும் அவருக்கே உரியது. பிறர் அணிதல் ஆகாது. செலவே இல்லாத இப்பரிசினும் சிறந்த பரிசை யான் அறியேன்.

அவ்வோட்டத்திற்கும் ஒரு கறை இருந்தது. 1923 இல் பிரான்சிஸ் ஹேவேட் என்னும் பெண்மணி 11 மணி 35 நிமிடத்தில் ஓடி முடித்தும் பதக்கம் பெறவில்லை. உடன் ஓடியோரும் பார்த்தோருமே வெள்ளித் தேநீர்க்கலங்களை அவருக்கு அளித்தனர். 1935 இல் றொபேட் எம்ற்சாலி என்னும் கறுப்பினத்தவர் 9 மணி 30 நிமிடத்தில் முடித்தார். அவர் பெயரும் ஏட்டில் ஏறவில்லை. பெண்டிருக்கும் கறுப்பினத்தவருக்கும் 1975 இலேயே வாயில் திறந்தது. 2019 முதல், 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையே முடிப்போருக்கு வழங்கும் பதக்கம் எம்ற்சாலியின் பெயரைத் தாங்குகின்றது. அவரது நேரமும் அவ்வெல்லைக்குள் அடங்குவதே.

தமிழாசிரியன் ஆகையால் ஒன்று சொல்லாதிருக்க இயலவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி, தம்மை நேரிற் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தி புறநானூற்றில் உண்டு. தரம் அறிந்து தந்தால் தினையளவும் போதும் என்பது அப்புலவர் உள்ளம். 'பங்குபற்றினார்' என்று மொத்தமாக அச்சிட்டு, பெயரை மட்டும் நிரப்பித் தரும் சான்றிதழ், காணாது ஈந்த பரிசிலே. ஓடிய நேரம் எழுதப்பட்ட சான்றிதழோ, அவனைக் கண்டு ஈந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவே. முதல் மூவரின் கிண்ணங்கள் இருந்தபடி இருக்கட்டும். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஒரு கால எல்லையை உடற்கல்வி ஆசிரியர் ஓட்டத்துக்கு முன்பே அறிவிக்கட்டும். அதனுள் முடிக்கும் ஒவ்வொருவனுக்கும் அவன் நேரம் பொறித்த சான்றிதழும், அவன் இல்லத்துக்கு ஒரு புள்ளியும் கிடைக்கட்டும். இல்லத் தலைவர்கள் வேகமுள்ள இருவரை மட்டும் தேடுவதை விடுத்து, இருபது பேரைப் பயிற்றத் தொடங்குவர். திரும்புமிடங்களிற் பதிவு கண்டிப்பாக நடைபெறல் வேண்டும். துவிச்சக்கர வண்டியின் பின்னே ஏறி வருவோன் தொலைந்தான். ஆண்டுதோறும் தவறாது ஓடி முடித்த மாணவன் கல்லூரியை விட்டு நீங்கும்போது, அவனது இலக்கம் அவன் பெயரால் ஏட்டில் நிலைக்கட்டும்.

பழைய மாணவருக்கு இதனால் ஆகும் செலவு ஒரு வெள்ளிக் கிண்ணத்தின் விலையை எட்டாது. வேண்டுவன ஒரு நல்ல மணிக்கூடும், கால எல்லை முடியும்வரை வாயிலில் நின்று பெயர் எழுத இருவரும். அவ்விருவருள் ஒருவனாக நிற்க யான் ஆயத்தமாக உள்ளேன்.