சக்கரத்துக்குள் ஓர் ஊறுகாய் ஜாடி

இந்த வாரம் டிராக்டர் சக்கரத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்றால், "காப்பிப் பொடி விலையைப் பற்றிக் கவலைப்படுகிற எங்களுக்கு அது எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயந்தான். ஆனால் பட்டணத்தில் குடியிருக்கும் நம்மில் அநேகருக்கு ஊரில் நாலு காணி நிலம் உண்டு; அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாவோ மைத்துனரோ உண்டு. "சக்கரத்து ரிம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, வெல்டிங் பட்டறைக்குப் போகிறேன்" என்று அங்கிருந்து சேதி வந்தால், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஓர் உயிரையே காப்பாற்றக்கூடிய கேள்வி அது.

முதலில், ரிம் ஏன் துருப்பிடிக்கிறது? டிராக்டர் டயருக்குள் காற்று மட்டுந்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். உழும்போது சக்கரம் வழுக்காமல் மண்ணைப் பிடிப்பதற்குக் கனம் வேண்டும். அதற்காகப் பின் டயர்களில் முக்கால் பாகம் வரை தண்ணீர் நிரப்புவதுண்டு. பெரிய டயர் ஒன்று நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும்! அமெரிக்காவில் 1932-ல் டிராக்டருக்குக் காற்றடைத்த ரப்பர் டயர் வந்தது. பிற்பாடு, குளிரில் தண்ணீர் உறைந்து போகாமலிருக்க, அதில் கால்சியம் குளோரைடு என்ற உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். ஊறுகாயை யாராவது இரும்புச் சட்டியில் போட்டு வைப்பார்களா? அங்கே நடந்தது அதுதான். வால்வு ஓரமாகக் கசிந்த உப்பு நீர் ரிம்மை அரித்துத் தின்றது. நம் வயல்களில் அந்த உப்புக்குத் தேவையில்லை. ஆனால் கசியும் வெறும் தண்ணீரும், உரம் கரைந்த சேறும் அதே காரியத்தை நிதானமாகச் செய்துவிடுகின்றன.

இனிமேல்தான் ஜாக்கிரதை வேண்டும். டயரைக் கழற்றுகிற சிரமத்துக்குப் பயந்து, காற்றை மட்டும் இறக்கிவிட்டு அப்படியே பற்றவைக்கிறவர்கள் உண்டு. அதைப் போன்ற விபரீதம் வேறில்லை! சூட்டில் உள்ளே ரப்பர் கருகி, எரியக்கூடிய வாயுவைக் கக்கும். அது காற்றோடு கலந்து தீப்பற்றினால் டயர் வெடிகுண்டாகிவிடும். "வால்வைத் திறந்து வைத்திருக்கிறோமே" என்பது சமாதானமாகாது. அவ்வளவு வேகமும் அந்தச் சிறு துவாரம் வழியே வெளியேற முடியாது. நெருப்பை அணைத்த பின்பும் சற்று நேரம் கழித்து வெடிப்பதுண்டு.

சரியான முறை இதுதான்: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டை அடுக்கித் தாங்கு கொடுக்க வேண்டும். தண்ணீரையும் காற்றையும் முழுக்க இறக்கி, டயர், டியூப் இரண்டையும் ரிம்மிலிருந்து அறவே கழற்றிவிட வேண்டும். துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, அரித்த பாகத்தை வெட்டி எடுத்து, அதே கனமும் வளைவும் உள்ள தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். உட்புறத் தழும்பை மழமழவென்று தேய்த்துவிட வேண்டும். சொரசொரப்பு இருந்தால் டியூப் கிழிந்து போகும். பிறகு பிரைமரும் பெயின்ட்டும். டயரின் விளிம்பு உட்காருகிற இடத்தில் விரிசல் கண்டிருந்தால் ஒட்டுப்போட வேண்டாம். புது ரிம் வாங்குவதே சிக்கனம்.

ஆகவே, செலவு எவ்வளவு என்பதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். "டயரைக் கழற்றியாச்சா, அண்ணா?" என்று முதலில் கேளுங்கள். "இதெல்லாம் உனக்கு எப்படியம்மா தெரியும்?" என்று அவர் ஆச்சரியப்பட்டால், ஊறுகாய் போடுகிறவளுக்கு உப்பின் குணம் தெரியாதா என்று சொல்லிவிடுங்கள்!