பனையேறி பெரியப்பாவும் பாறையேறும் பசங்களும்

போன மாசம் பெங்களூருல அக்கா பையன் செயற்கைப் பாறை ஏறுற இடத்துக்கு இழுத்துட்டுப் போனான். பத்தடி ஏறுறதுக்குள்ள முன்கை ரெண்டும் கல்லா இறுகிப்போச்சு. கீழ நின்ன பயிற்சியாளர், "கையால இழுக்காதீங்க சார், காலால தள்ளுங்க. இடுப்பு சுவரோட ஒட்டி இருக்கட்டும்"னாரு.

அட, இதைத்தானே திசையன்விளை தேரிக்காட்டுல எங்க பெரியப்பா சொன்னாரு! "ஏல, கையில தொங்காத, கால்ல நில்லு."

சூத்திரம் ஒண்ணுதாங்க. விரலை இறுக்கிப் பிடிச்சா, இறுகின தசை ரத்தக் குழாயை நெருக்கும்; கை சீக்கிரம் ஓய்ஞ்சிடும். தொடை பெரிய தசை, தாங்கும். உடம்பு மரத்தை விட்டு விலக விலக, கை அதிகமா இழுத்துப் பிடிக்கணும். அதனாலதான் பனையேறி விரலை நம்பாம மரத்தையே அணைச்சுக்கிறார். பாதம் ரெண்டையும் தளைநார் சேர்த்துப் பிடிக்குது. கால் அகல முடியாததால மிதிக்கிற மிதி மரத்தை ரெண்டு பக்கமும் நெருக்குற பிடியா மாறுது. வழுக்காம நிறுத்துறது அந்த உராய்வுதான். நெஞ்சு மரத்தோட ஒட்டுறதால கைக்கு பாரம் குறையுது. அதுக்கு விலை? பெரியப்பா நெஞ்சுல இருந்த காய்ப்பு.

டோக்கியோவுல, 2021-ல, பாறையேற்றம் ஒலிம்பிக்குக்குள்ள வந்துச்சு. வேகப்போட்டிச் சுவர் 15 மீட்டர், ஏறுறவங்க இடுப்புல கயிறு. பனை 30 மீட்டர் வரைக்கும் வளரும். பதநீர் சீசன்ல அதுல காலையும் சாயந்திரமும் ஏறணும். கயிறு கிடையாது. அது விளையாட்டு, இது 'படிக்காதவன் வேலை'யாம்!

பனை நம்ம மாநில மரம். அதை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்டுல அறிவிச்சாங்க. சந்தோஷம். மரத்துக்குக் காவல் சரி, ஏறுற மனுசனுக்கு?

"கயிறு கட்டினா வேகம் போயிரும்"னு பனையேறிகளே சொல்வாங்க. நியாயம்தான். ஆனா உச்சியில பாளை சீவும்போது ரெண்டு கையும் வேலையில இருக்கு, மரத்துல இல்ல. அந்த நேரத்துக்காவது இடுப்புல ஒரு பட்டையை மரத்தோட மாட்டலாமே? அதை வடிவமைக்க நம்ம இன்ஜினியரிங் காலேஜ் பசங்க போதாதா? பனையேறிகளைப் பக்கத்துல உக்கார வெச்சுக் கேட்டு செய்யணும், அவ்வளவுதான்.

பெரியப்பா ஒரு பங்குனி மாசம் விழுந்தாரு. ஏறும்போது இல்ல. உச்சியில பாளை சீவிட்டு இருந்தப்போ.