காளத்திக் கதையும் ஒரே கூரையின் கீழ் வாழும் விலங்குகளும்

நாயும் பூனையும், கீரியும் பாம்பும், பூனையும் எலியும் என்று தமிழ் பகைக்குச் சொல்லும் உவமைகளில் பல விலங்குகளிடமிருந்து வந்தவை. அதனாலேயே, தெருவோரத்திலிருந்து மீட்கப்பட்ட நாயொன்றின் வயிற்றில் முகம் புதைத்துப் பூனைக்குட்டி உறங்கும் காணொளி கைப்பேசித் திரையில் தோன்றும்போது பார்ப்பவர் வியந்துபோகிறார். ‘மனிதரைவிட இவை மேல்’ என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்கு நகர்கிறார். இந்த வியப்பில் ஒரு குறை இருக்கிறது. விலங்குகளின் நட்பு மெய்யானது. ஆனால் அது அற்புதமன்று. அதற்குக் காரணங்கள் உண்டு. அதைக் காப்பதற்கு ஒருவர் கொடுக்கும் விலை உண்டு. அது முறிக்கப்படும்போது விலங்கு அடையும் இழப்பும் உண்டு. இம்மூன்றையும் விட்டுவிட்டு வியப்பை மட்டும் வைத்துக்கொண்டால், அதனால் மீட்கப்பட்ட விலங்குக்கு எந்தப் பயனும் இல்லை. சில வேளைகளில் தீங்கே விளைகிறது.

திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் இதைப் பேசுவதற்கு வேறெங்கும் தேடிப்போக வேண்டியதில்லை. சொர்ணமுகி ஆற்றங்கரையிலுள்ள ஸ்ரீகாளஹஸ்தி, நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்துக்குள் வந்திருக்கும் தலம். தமிழருக்கு அது திருக்காளத்தி, கண்ணப்பரின் ஊர். அதன் பெயரிலேயே மூன்று உயிர்கள் இருப்பதாகத் தலபுராணம் சொல்லும்: ஸ்ரீ என்பது சிலந்தி, காளம் என்பது பாம்பு, ஹஸ்தி என்பது யானை. மூன்றும் ஒரே லிங்கத்தை வழிபட்டு வீடுபேறு அடைந்தன என்பது பலரும் அறிந்த சுருக்கம். 16ஆம் நூற்றாண்டில் தெலுங்குக் கவிஞர் தூர்ஜடி இத்தலத்தின் பெருமையைத் தனிக் காவியமாகவே பாடினார். இன்று இக்கதை பெரும்பாலும் ‘எல்லா உயிர்களும் ஒன்றுகூடி வழிபட்ட தலம்’ என்ற அளவில் சொல்லப்படுகிறது.

கதையை முழுதாகக் கேட்டவர் அப்படிச் சொல்ல மாட்டார். பாம்பு மணிகளைக் கொண்டுவந்து லிங்கத்தின்மேல் வைக்கிறது. யானை வருகிறது, துதிக்கையில் ஆற்றுநீர் முகந்து அபிடேகம் செய்து வில்வம் சாத்துகிறது. அந்த நீரில் மணிகள் சரிந்து போகின்றன. மறுபடி வரும் பாம்புக்கு வில்வம் வெறும் தழை. அதை அகற்றிவிட்டு மணியை வைக்கிறது. மறுநாள் யானைக்கு மணி வெறும் கல். இப்படியே நாள்கள் கழிகின்றன. தன் பூசையை எவரோ அவமதிப்பதாக இரண்டும் எண்ணுகின்றன. ஒருநாள் மறைந்திருந்த பாம்பு யானையின் துதிக்கைக்குள் புகுகிறது, வேதனை தாளாத யானை துதிக்கையைப் பாறையில் மோதுகிறது, இரண்டும் மடிகின்றன. (சிலந்தியின் முடிவு தனிக்கதை, அது விளக்குச் சுடரோடு சம்பந்தப்பட்டது.) இரண்டுக்கும் ஒரே இடம், ஒரே அன்பு. ஒன்றின் அன்பு மற்றொன்றுக்குக் குப்பையாகத் தெரிந்ததுதான் சிக்கல். விலங்குகள் கூடிவாழ்வதைப் பற்றி இவ்வளவு நேர்மையாகச் சொன்ன கதைகள் குறைவு.

வீட்டுக்குள் வரும் நாய்க்கும் பூனைக்கும் இடையே நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. மகிழ்ச்சியில் இருக்கும் நாய் வாலை ஆட்டும். எரிச்சலில் இருக்கும் பூனை வாலை வீசியடிக்கும். விளையாட அழைக்கும் நாய் முன்னங்காலைத் தூக்கும். அடிக்க ஆயத்தமாகும் பூனையும் முன்னங்காலைத் தூக்கும். இருவர் இரு மொழியில் பேச, சொற்கள் மட்டும் ஒன்றாய் ஒலித்தால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகிறது. இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாயர்ஸ்டைன், டெர்கெல் என்னும் இருவர், நாயும் பூனையும் ஒரே கூரையின் கீழ் வாழும் வீடுகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் உறவு இணக்கமாகவே இருந்தது. நாய் பூனையின் குறிகளையும் பூனை நாயின் குறிகளையும் பெரிதும் சரியாகவே புரிந்துகொண்டன. பூனைகள் வழக்கமாகத் தம் இனத்துக்குள் செய்யும் மூக்கோடு மூக்கு வைக்கும் வணக்கத்தை நாய்களும் கற்றிருந்தன. பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஓராண்டுக்குள்ளும் வந்து சேர்ந்த வீடுகளிலும், பூனை முதலில் வந்த வீடுகளிலும் இணக்கம் எளிதாக அமைந்தது. காளத்தி யானைக்கும் பாம்புக்கும் கிடைக்காத வாய்ப்பு, ஒன்றின் மொழியை மற்றொன்று பார்த்துப் பழகும் இளமைக்காலம், இவற்றுக்குக் கிடைத்தது.

இளமை என்பது இங்கு அலங்காரச் சொல்லன்று. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப்பெயர்களை மட்டும் ஒன்பதாக வகுத்து, எந்தப் பெயர் எந்த உயிருக்கு உரியது என்று வரிசைப்படுத்துகிறது. குட்டி, குருளை, கன்று, மறி, பறழ் என்று குழவிப் பருவத்தைத் தனித்துக் கண்ட மரபுக்கு, அப்பருவத்தில் என்ன நிகழ்கிறது என்பதும் ஆர்வமூட்ட வேண்டும். 1930இல் சீன உளவியலாளர் ஸிங்-யாங் குவோ ஒரு சோதனை செய்தார். பூனைக்குட்டிகளை மூன்று பிரிவாக வளர்த்தார். எலியைக் கொல்லும் சூழலில் வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலி கொன்றன. தனியே வளர்ந்த 20இல் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18இல் கொன்றவை 3 மட்டுமே. அந்த மூன்றும்கூடத் தம்மோடு வளர்ந்த வகை எலிகளைத் தொடவில்லை. பகை குருதியில் ஊறியது என்று நம்பியவர்களுக்கு அக்காலத்தில் இது பெரும் அதிர்ச்சி.

குவோவின் எண்களை நட்பின் வெற்றியாக மட்டும் படிப்பது அவசரம். பூனை, எலி இனத்தோடு சமாதானம் செய்துகொள்ளவில்லை. தான் அறிந்த எலிகளோடு மட்டுமே செய்துகொண்டது. வீட்டுப் பூனையோடு ஒரே தட்டில் உண்ணும் நாய் பக்கத்துத் தெருப் பூனையைத் துரத்துவதில் முரண்பாடு எதுவும் இல்லை. சித்தூரின் மேட்டுநிலங்களில் ஆடு மேய்ப்போர் நாய்க்குட்டியைச் சிறு வயதிலேயே பட்டியோடு பழக்குவது இந்த அறிவின் பயன்பாடே. அந்த நாய்க்குத் தன் பட்டிதான் உலகம்.

இளமைக்கு அடுத்து வருவது இழப்பு. மீட்கப்பட்ட விலங்கு பெரும்பாலும் தாயை இழந்தது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் கென்யக் கடற்கரையில் தனித்துத் தவித்த நீர்யானைக் கன்று ஓவன், மொம்பாசாவின் ஹாலர் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, அங்கிருந்த ம்ஸீ என்னும் மிக முதிய ஆமையின் பின்னால் போய் ஒண்டியது. ஸ்வாஹிலியில் ‘ம்ஸீ’ என்றால் முதியவர். ஆமை முதலில் விலகிப் போனது. பின்னர் கன்றை ஏற்றுக்கொண்டது. அது கன்றுக்குக் கிடைத்த தோழனா, தாய்க்குப் பதிலாகக் கிடைத்த சாம்பல்நிற உருவமா என்று அறிஞர்கள் விவாதிக்கலாம். கன்றுக்கு அந்த வேறுபாடு பொருட்டாக இருந்திராது.

இன்னொரு கென்யக் கதை இவ்வளவு இனிதாக முடியவில்லை. 2002இல் சம்புரு காட்டில் கமுன்யாக் எனப் பெயரிடப்பட்ட பெண் சிங்கம் ஒன்று ஓரிக்ஸ் மான்கன்றைக் கொல்லாமல் தன்னோடு வைத்துக் காத்தது. கன்றை விட்டு அகலாததால் தானும் பட்டினி கிடந்தது. இரண்டு வாரமளவில் ஓர் ஆண் சிங்கம் அக்கன்றைக் கொன்றது. கமுன்யாக்கின் பரிவு ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் பாலூட்ட இயலாத பரிவால், மற்றச் சிங்கங்கள் உலவும் வெளியில், ஒரு கன்றை உயிரோடு வைத்திருக்க முடியவில்லை. வீடுகளில் இந்த நட்புகள் நீடிப்பது ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அங்கே உணவு தட்டில் வருகிறது, வாசல் சாத்தியிருக்கிறது, ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார்.

அந்த ஒருவரைக் காணொளி காட்டுவதில்லை. கண் திறவாத பூனைக்குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், பாலூட்ட வேண்டும். அதுவும் பசும்பால் கொடுத்தால் வயிறு கெடும். ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் துடைத்துச் சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது. புதிதாக வந்த நாய்க்குட்டியிடம் பார்வோ நச்சுயிரி இருக்கக்கூடும் என்பதால், இரு வாரமேனும் தனியறை, தனித் தட்டு, தடுப்பூசி. உணவு நேரத்தில் ஒவ்வொன்றும் தனித்தனி மூலையில். பூனை ஏறித் தப்ப உயரமான ஓர் இடம். கிளியும் பூனையும் ஒன்றாய் இருக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பூனையின் பல் சிறிது பட்டாலும் அதன் எச்சிலிலுள்ள கிருமிகளால் பறவை இறந்துபோகக்கூடும். காளத்திக் கதையில் இல்லாத நான்காவது பாத்திரம் இவர்தான்: யானை வரும் நேரத்தையும் பாம்பு வரும் நேரத்தையும் பிரித்துவைக்கும் ஒருவர்.

இவ்வுழைப்பு கண்ணுக்குத் தெரியாததன் விளைவுகள் இரண்டு. முதலாவது, நடிப்பு. குட்டியைப் பாம்பின் முன் வைத்துவிட்டு மீட்பது போல் எடுக்கப்பட்ட காட்சிகள் பெருகியதால், 2021இல் யூடியூப் நிறுவனம் அத்தகைய நாடகங்களுக்குத் தடை அறிவிக்க நேர்ந்தது. நட்பைக் காட்டும் காட்சிகளும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. காது பின்னொடுங்கி, உடல் விறைத்து, அசையாமல் நாயருகே கிடக்கும் பூனை அச்சத்தில் உறைந்திருக்கிறது. பார்ப்பவருக்கு அது அமைதியாகத் தெரிகிறது.

இரண்டாவது, காட்டு உயிர்களின்மீது வரும் ஆசை. இதற்கு எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது மராட்டியத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள ஹேமல்கசா. 1973இல் அங்கு மருத்துவப் பணி தொடங்கிய பிரகாஷ் ஆம்டே, வேட்டையில் கொல்லப்பட்ட தாயின் உடலைப் பற்றியிருந்த குரங்குக் குட்டியை மாடியா கோண்டு வேட்டைக்காரர்களிடமிருந்து பெற்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னர் சிறுத்தையும் கரடியும் மானும் பிறவும் வந்து சேர்ந்தன. அக்குடும்பத்தின் குழந்தைகள் அவற்றோடு வளர்ந்தனர். 2008இல் பிரகாஷ், மந்தாகினி இணையருக்கு மகசேசே விருது கிடைத்தது. பாராட்டப்பட வேண்டிய வாழ்வு அது. ஆனால் எவரும் பின்பற்றத்தக்க முறையன்று. உணவுக்காக வேட்டையாடிய மக்களிடம், கொல்லாமல் குட்டியைக் கொடுங்கள் என்று கேட்டதில் பிறந்த ஏற்பாடு அது. நகரத்து வீட்டில் நட்சத்திர ஆமையையோ தேவாங்கையோ பச்சைக்கிளியையோ வைத்துக்கொள்வதற்கு அது சான்றாகாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை வீட்டில் வைத்திருக்க இடந்தரவில்லை. நட்சத்திர ஆமையைக் கடத்துவோருக்கு ஊக்கம் தருவது, அதை நாய்க்குட்டியோடு விளையாடவிட்டுப் படமெடுக்க விரும்பும் வீடுகளே.

திருப்பதிக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி சிறுத்தையால் கொல்லப்பட்டாள். அதன்பின் அடுத்தடுத்துச் சிறுத்தைகள் கூண்டில் பிடிபட்டன. மலையேறும் அடியவர்க்குக் கைத்தடி வழங்கப்பட்டது. அதே ஊரின் கைப்பேசிகளில் சிறுத்தைக்குட்டியும் நாயும் கட்டிப் புரளும் காட்சிகள் ஓடுகின்றன. மராட்டியத்தின் அகோலே பகுதியில் செய்த ஆய்வில், சிறுத்தைகள் உண்டவற்றின் எடையில் 39 விழுக்காடு வீட்டு நாய்கள் என்று தெரியவந்தது. குட்டியின் நட்பை வளர்ந்த சிறுத்தையும் பேண வேண்டும் என்று எதிர்பார்ப்பது குட்டிக்கும் நாய்க்கும் செய்யும் துரோகம்.

அப்படியானால் மீட்பில் செய்ய வேண்டுவது என்ன? சர்க்கஸில் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைக் காட்சிப்படுத்துவதற்கு நடுவண் அரசு 1998இல் விதித்த தடையை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபின், அவ்விலங்குகளுக்காக அமைக்கப்பட்ட மீட்பு மையங்களுள் ஒன்று திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா விலங்கியல் பூங்காவில் இருக்கிறது. தனித்து வாழும் இயல்புள்ள விலங்கைத் தனியே வைப்பதுதான் பொதுவிதி. ஆனால் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது நினைவில் கொள்ளத்தக்கது. 2001இல் ஒரு போதைப்பொருள் சோதனையின்போது அட்லாண்டாவில் கரடி, சிங்கம், புலிக் குட்டிகள் மூன்று ஒரே இடத்தில் கிடைத்தன. கரடிக்கு மார்க்கச்சு சதைக்குள் புதைந்திருந்ததால் அறுவை தேவைப்பட்டது. அதற்காகப் பிரித்தபோது மற்ற இரண்டும் அமைதியிழந்தன. அதன்பின் மூன்றையும் காப்பகத்தார் ஒன்றாகவே வைத்தனர். 2016இல் சிங்கமும் 2018இல் புலியும் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தன. விதிக்கு விலக்கு தந்தது நல்ல முடிவு. மூன்றும் குட்டிப் பருவம் முதல் ஒன்றாய் இருந்தவை என்பது தெரிந்திருந்ததால்தான் அம்முடிவை எடுக்க முடிந்தது.

மீட்பு மையமோ, நாய்ப் புகலிடமோ, தத்துக் கொடுக்கும் வீடோ, விலங்கைப் பற்றிய பதிவேட்டில் இனம், பால், வயது, நோய் ஆகியவற்றோடு ‘யாரோடு வளர்ந்தது’ என்ற ஒரு கலமும் வேண்டும். எத்தனை மாதம் உடனிருந்தது, ஒன்றாக உறங்கியதா, பிரித்தபோது உணவு உண்டதா என்ற மூன்று குறிப்புகள் போதும். வளர்ப்பவர் முதுமையாலோ இடமாற்றத்தாலோ விலங்குகளைக் கைவிட நேரும்போது அழகிய நாய் ஒரு வீட்டுக்கும், ஒரு கண்ணிழந்த பூனை வேறெங்கோவும் போய்ச் சேர்வதே பெரும்பாலும் நடக்கிறது. ஐந்தாண்டுகள் அந்தப் பூனைக்குப் பாதுகாப்பாய் இருந்தது அந்த நாய்தான் என்று எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. தத்தெடுக்க வருபவரிடம் அதைப் படித்துக் காட்டினால், இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சிலர் முன்வருவர். முன்வராவிட்டாலும், புதிய வீட்டில் பூனை பத்து நாள் கட்டிலுக்கடியிலேயே கிடந்தால், ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.