எத்தனைக்கு எத்தனை?



என்னிடம் படித்த ஒருவன், சென்னையில் வேலை பார்ப்பவன், தடைச் சட்டம் வருவதற்கு முன் ஒருநாள் வேப்பந்தட்டைக்கு வந்திருந்தான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

மடிக்கணினியைத் திறந்து, "சார், நீங்க சொல்லிக்கொடுத்த சதவீதம்தான்" என்றான். ஆன்லைன் போக்கர் ஆட்டங்களைச் சேமித்துக் கணக்குப் போடும் போக்கர்டிராக்கர் என்ற மென்பொருள். நமக்கு வேண்டிய கணக்கை நாமே அதில் அமைக்கலாம். மேலே, செய்த தடவை. கீழே, செய்ய வாய்ப்பிருந்த தடவை. வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். எந்த ஆட்டங்களை எண்ணுவது என்பதை 'மற்றும்', 'அல்லது', 'அல்ல' மூன்றும் தீர்மானிக்கும். ஜார்ஜ் பூல் 1854-இல் எழுதிய நூலில் வந்த தர்க்கம் அது.

இவன் அமைத்த கணக்கு: இரவு பத்துக்கு மேல், மற்றும் கடைசியாக ஆடும் இடம், மற்றும் எதிராளி தொகையை உயர்த்தவில்லை. வெற்றி 80 சதவீதம்!

"எத்தனைக்கு எத்தனைப்பா?" என்றேன்.

"பத்துக்கு எட்டு, சார்."

ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பத்து! ஒவ்வொரு 'மற்றும்' சேரும்போதும் எண்ணிக்கை சுருங்கும். இரண்டு ஆட்டம் மாறியிருந்தால் அதே கணக்கு 60 சதவீதம். இன்னொன்றும் பார்த்தேன். 'மனசு சரியில்லாத நாள்' என்று குறியிட்ட ஆட்டங்களை 'அல்ல' போட்டு நீக்கியிருந்தான். தோற்ற நாளெல்லாம் அதற்குள்தான் இருந்தது.

"எல்லா நிபந்தனையும் எடுத்துட்டு மொத்தத்தைக் காட்டு" என்றேன். எழுபதாயிரத்துக்கு மேல் நஷ்டம். தங்கை கல்யாணத்துக்குக் கட்டிய சீட்டுப் பணம். தலை குனிந்துகொண்டான்.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. கேள்வியை இவன் தனக்குச் சாதகமாக வெட்டிவிட்டான். நம் ஊர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் நன்றாகக் காய்த்த பத்துச் செடியைப் பார்த்தா ரகத்தை வெளியிடுகிறார்கள்?

தமிழக அரசு 2022-இல் சட்டம் போட்டது. ரம்மிக்கும் போக்கருக்கும் அது செல்லாது என 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் மத்திய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் சட்டம் கடையை மூடலாம். தன்னையே ஏமாற்றும் கணக்கை மூடாது. பங்குச்சந்தையிலும் சீட்டிலும் அதே கணக்கு வரும்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, சதவீதம் சொல்லும் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள்: எத்தனைக்கு எத்தனை? எதை விட்டுவிட்டு எண்ணினாய்?

அவன் இப்போது ஆடுவதில்லை. மாதாமாதம் கடனை அடைக்கிறான். அந்தக் கணக்கை மட்டும் எனக்கு அனுப்புகிறான், நிபந்தனை ஏதும் இல்லாமல்.

உங்கள் பழைய வாத்தியார்